ஆனைமேல் துஞ்சியவரும் அலகசாமும்

கி.பி. 949இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீது இருந்தபடியே உயிர் துறந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க அரசன் இரண்டாம் பூதுகன் அவனைக் கொன்ற செய்தியை ஆதக்கூர்க் கல்வெட்டு பதிந்துள்ளது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1054 வாக்கில், கொப்பத்தில் முதலாம் இராசாதிராசனுக்கும் அதே முடிவு நேர்ந்தது. இருவரும் பிற்காலக் கல்வெட்டுகளில் 'ஆனைமேல் துஞ்சிய' என்ற அடைமொழியுடனேயே வழங்கப்படுகின்றனர். களத்தில் மிக வலிய தாக்குகருவி யானை. அதன் முதுகிலிருக்கும் வேந்தன் எல்லார் கண்ணுக்கும் தெரியும் இலக்கு. இந்த இரண்டு உண்மைகளும் பிரிக்க முடியாதவை. ஆனால் இரு போர்களின் விளைவும் ஒன்றன்று. தக்கோலத்தில் இளவரசன் வீழ்ந்ததோடு சோழரின் வடபகுதி கைநழுவியது. கொப்பத்திலோ, தமையன் வீழ்ந்ததும் இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிப் பின்வாங்கிய படையைத் திருப்பினான். இழந்தது இரு களத்திலும் ஒன்றே. இழப்புக்குப் பின்னால் என்ன ஆயத்தமாக நின்றது என்பதே வேறுபட்டது.

மிகக் கடுமையாக அடிக்கக்கூடிய, ஆனால் ஓர் அடியைக்கூடத் தாங்க இயலாத ஒன்றை எவ்வாறு களமிறக்குவது என்ற இந்தப் பழைய வினாவை, முப்பது ஆண்டுகளாக எண்களின் வடிவில் திரும்பத் திரும்ப எழுப்பி வருகிறது ஒரு ஜப்பானிய விளையாட்டு. போக்கிமான் போட்டிகளில் அத்தகைய உயிரியை ஆட்டக்காரர்கள் 'கிளாஸ் கேனன்' என்பர். இங்கு அதை 'மெலிந்த தாக்குநர்' எனக் கொள்ளலாம். இதன் வரலாற்றைச் சொல்வோர் பொதுவாக ஒரே பாதையில் செல்கின்றனர்: தலைமுறைதோறும் தாக்கு எண்கள் உயர்ந்தன, ஆகவே மெலிந்த தாக்குநர்கள் பெருகினர் என்பது அவர்கள் கூற்று. எண்கள் உயர்ந்தது மெய்தான். எனினும் இந்த விளக்கம் போதாது. மெலிவு என்பது அந்த உயிரியின் இயல்பாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆட்டத்தின் கணக்கு முறை அதை உருவாக்கியது, சில இடங்களில் அழித்தது, ஓரிடத்தில் தண்டனைக்கும் உள்ளாக்கியது. அந்தத் தண்டனை நிகழ்ந்த வடிவமே இந்தியாவில் பெருந்திரளானோர் கையில் வந்து சேர்ந்த வடிவம் என்பதால், கேட்ரிட்ஜ் விற்ற நாடுகளின் வரலாற்றை அப்படியே நம் வரலாறாக எழுதிக்கொள்ள முடியாது.

ஆட்டத்தை அறியாதோருக்காகச் சில சொற்கள். இருவர் ஆடுவர், ஒவ்வொருவரிடமும் ஆறு உயிரிகள். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தத்தம் நகர்வை மறைவாகத் தேர்வர். வேகம் மிகுந்த உயிரி முதலில் செயல்படும். முதல் அடியிலேயே எதிரி வீழ்ந்துவிட்டால், எதிரி தேர்ந்த நகர்வு நிகழாமலே போய்விடும். இந்தக் கடைசி விதியில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. முந்தி அடித்து வீழ்த்தக்கூடிய உயிரிக்குத் தற்காப்பு எண் தேவையே இல்லை. வேகமே அதன் கவசம்.

1996 பிப்ரவரி 27இல் கேம் பாய் கருவிக்கு வெளியான முதல் பதிப்புகளில் (சிவப்பு, பச்சை) இந்த வகையின் மூதாதை அலகசாம். உயிராற்றல் 55, தாக்கு 50, தற்காப்பு 45, வேகம் 120, 'சிறப்பு' 135. பார்த்த மாத்திரத்தில் மெலிந்த உடல். ஆனால் அன்றைய விதியில் 'சிறப்பு' என்ற ஒரே எண் இரு வேலை செய்தது: மனோசக்தி, மின்சாரம், பனி போன்ற அடிகளைக் கொடுக்கும் வலிமையும் அதுவே, வாங்கும் வலிமையும் அதுவே. ஆகவே 135 என்பது வாளும் கேடயமுமாக இருந்தது. போதாக்குறைக்கு, பெருந்தாக்கு விழும் வாய்ப்பு அன்று வேகத்தைப் பொறுத்து அமைந்தது. அலகசாமுக்கு அது ஏறத்தாழ நான்கில் ஒன்று. அன்றைய அலகசாமை மெலிந்த தாக்குநர் என்பது பின்னாளைய கண்ணாடியை அணிந்து முன்னாளைப் பார்ப்பதாகும்.

மெலிவு பிறந்த ஆண்டு 1999. அவ்வாண்டு நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை, 'சிறப்பு' எண்ணைச் சிறப்புத் தாக்கு, சிறப்புத் தற்காப்பு என இரண்டாகப் பிரித்தது. அலகசாமின் தாக்கு 135இலேயே நின்றது. தற்காப்பு 85ஆக இறங்கியது. பெருந்தாக்கின் வாய்ப்பும் வேகத்திலிருந்து விடுபட்டு, ஏறத்தாழ பதினாறில் ஒன்று என்று எல்லோருக்கும் பொதுவாயிற்று. உயிரியின் ஓவியம் மாறவில்லை, பெயர் மாறவில்லை. கணக்கேட்டில் ஒரு பத்தி இரண்டாகப் பிளந்தது, அவ்வளவே. அதே தலைமுறை, சுற்றுதோறும் பதினாறில் ஒரு பங்கு உயிராற்றலை மீட்டுத் தரும் 'லெஃப்ட்ஓவர்ஸ்' என்ற பொருளையும் தந்தது. பயிற்சியால் எல்லா எண்களையும் ஒருசேர உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளவும் இயன்றது. விளைவாக உயிராற்றல் 160 கொண்ட ஸ்நார்லாக்ஸ் போன்ற பேருடல்கள் ஆட்டத்தை ஆண்டன. ஒரே அடியில் வீழ்த்த இயலாத உலகில் முந்தி அடிப்பதற்குப் பொருளில்லை.

2002இன் மூன்றாம் தலைமுறைதான் மெலிவை ஆட்டக்காரரின் விருப்பத் தேர்வாக்கியது. பயிற்சிப் புள்ளிகளுக்கு 510 என்ற மொத்த வரம்பு வந்தது. ஓர் எண்ணில் பயனுள்ளதாகச் செலவிடக்கூடியது 252. நூறாம் நிலையில் நான்கு புள்ளிக்கு ஓர் எண் உயரும். தாக்கில் 252, வேகத்தில் 252 எனக் கொட்டினால் எஞ்சுவது 6. தற்காப்புக்கு ஒதுக்க ஏதுமில்லை. வரவுசெலவுத் திட்டம் படித்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பர்: பற்றாக்குறை இருந்தால்தான் கொள்கை என ஒன்று இருக்கும். அதுவரை எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்ட ஆட்டம், முதன்முறையாக எதைக் கைவிடுகிறாய் என்று கேட்டது. 2004 தொடக்கத்தில் ஜப்பானில் வந்த ஃபயர்ரெட் பதிப்பு இந்தத் தருக்கத்தை அதன் எல்லை வரை இழுத்தது. அதில் தோன்றிய டியாக்ஸிஸின் தாக்கு வடிவத்தில் இரு தாக்கு எண்களும் 180, இரு தற்காப்பு எண்களும் 20, வேகம் 150. வடிவமைத்தோர் கேலியாகச் செய்ததோ என ஐயுறத்தக்க எண்கள். ஆனால் போட்டிக் களங்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்மோகன் போன்ற ஆட்டக்காரர் அமைப்புகள் பொதுக் களத்தில் அதற்கு இடம் மறுத்தன.

2006இன் நான்காம் தலைமுறை இக்கதையின் செறிவான பகுதி. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த ஆண்டு அது. கொடுத்தது 'ஃபோகஸ் சாஷ்': முழு உயிராற்றலுடன் இருக்கும் உயிரியை எவ்வளவு பெரிய அடியும் வீழ்த்தாது, ஒரு புள்ளியேனும் எஞ்சும். மெலிந்தவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. தடித்தவனுக்கோ இதனால் பெரும்பயன் ஏதுமில்லை. பறித்தவை மூன்று. முதலாவது 'ஸ்டெல்த் ராக்'. எதிரியின் தரையில் ஒருமுறை பரப்பிவிட்டால், களமிறங்கும் ஒவ்வொரு உயிரியும் உள்ளே வரும்போதே பொதுவாக எட்டில் ஒரு பங்கு உயிராற்றலை இழக்கும். வகைப் பொருத்தத்திற்கேற்ப இது கூடும், குறையும். முழு உயிராற்றல் போனால் சாஷும் பயனற்றது. இரண்டாவது, வேக வரிசையை மீறி முன்னே பாயும் நகர்வுகளின் பெருக்கம்: புல்லட் பஞ்ச், ஐஸ் ஷார்ட், அக்வா ஜெட், சக்கர் பஞ்ச் ஆகிய அனைத்தும் இத்தலைமுறையின் வரவு. மூன்றாவது 'சாய்ஸ் ஸ்கார்ஃப்', வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் துண்டு. இதன் கணக்கு சிந்திக்கத்தக்கது. முழுப் பயிற்சி பெற்ற அலகசாமின் வேகம் நூறாம் நிலையில் 372. அடிப்படை வேகம் வெறும் 65 உள்ள ஓர் உயிரி அதே அளவு பயிற்சியுடன் 251ஐத் தொடும். துண்டை அணிவித்தால் 376. வேகம் கவசமாக இருந்தவரை 120 என்ற எண்ணுக்கு ஓர் உறுதி இருந்தது. 2006க்குப் பின் அந்த உறுதி எதிரியின் கையில் இருக்கும் பொருளைப் பற்றிய ஊகமாக மாறிவிட்டது.

இங்குதான் மெலிந்த தாக்குநரைக் கையாளும் கலை முழுமை பெற்றது எனலாம். புதிதாக ஆடுவோர் அதை முதற்சுற்றிலேயே களமிறக்கி, இரண்டாம் சுற்றில் இழப்பர். தேர்ந்தோர் அதை ஆட்டத்தின் நடுப்பகுதி வரை மறைத்தே வைத்தனர். அடி வாங்காமல் உள்ளே கொண்டுவருவதற்கு வழிகள் மிகச் சில. தன் பக்கத்து உயிரி ஒன்று வீழ்ந்த வெற்றிடத்தில் இறக்குவது ஒன்று. அடித்துவிட்டுத் தானே பின்வாங்கி மற்றொன்றுக்கு இடம்விடும் 'யூ-டர்ன்' போன்ற நகர்வால் இறக்குவது மற்றொன்று. எதிரி தற்காப்பு நகர்வைத் தேர்வான் என முன்னுணர்ந்து துணிவது மூன்றாவது; இது தவறினால் அதோடு முடிந்தது. அதற்கும் முன்பாக, முன்பாயும் நகர்வு உடைய எதிரிகளை வேறு உயிரிகள் களைந்திருக்க வேண்டும். தரையிலுள்ள பாறைகளை மற்றொன்று அகற்றியிருக்க வேண்டும். கடைசியில் மேடையில் தோன்றி மூன்று எதிரிகளை வரிசையாக வீழ்த்தும் அலகசாமுக்கே பெயர். ஆனால் அந்த மூன்று சுற்றுகளுக்கான விலையை ஏற்கெனவே வீழ்ந்த நால்வர் செலுத்தியிருப்பர். கொப்பத்தைப் பற்றி எழுதுவோரும் முடிசூடியவனைப் பாடிய அளவுக்கு, அந்த இடைவேளையில் படை கலையாமல் நின்றவர்களைப் பாடுவதில்லை.

அடுத்த மாற்றங்களை விரைந்து கடக்கலாம். 2010இல் அலகசாமுக்கு 'மேஜிக் கார்ட்' என்ற மறை திறன் கிடைத்தது. நேரடி அடி தவிர வேறெதுவும் அதைத் தீண்டாது என்றானதால், பாறைகள் மீது நடந்தும் சாஷ் கெடாமல் நின்றது. 2013இல் டாலன்ஃப்ளேமின் பறவை வகை நகர்வுகள் அனைத்தும் வேக வரிசையை மீறின. 2016இல் அந்தச் சலுகை உயிராற்றல் முழுமையாக இருக்கும்போது மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதே 2016இல் வந்த ஃபெரோமோசாவின் எண்கள்: இரு தாக்கும் 137, இரு தற்காப்பும் 37, வேகம் 151. மறு ஆண்டே ஸ்மோகனின் பொதுக் களத்திலிருந்து அது விலக்கப்பட்டது. அதிகாரப்பூர்வ உலகப் போட்டிகள் 2009 முதல் இருவர்-இருவராக மோதும் வடிவில் நடப்பதால், அங்கு வேறொரு காப்பு முறை வளர்ந்தது: அருகில் நிற்கும் துணை, எதிரியின் அடிகளைத் தன்மீது ஈர்த்துக்கொள்ளும். 2014இல் வாஷிங்டனில் கொரியாவின் செஜுன் பார்க் வென்றபோது உலகம் பேசியது அவருடைய வலிய உயிரிகளைப் பற்றியன்று, அவற்றுக்காக அடிகளை ஏற்ற பச்சிரிசு என்ற அணிலைப் பற்றி. துணைவனுக்குப் பெயர் கிடைத்த அரிய தருணம் அது.

இனி இந்தியா. இங்கு போக்கிமான் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. நிண்டெண்டோவின் கருவிகள் பெரும்பாலான வீடுகளுக்கு வரவேயில்லை. பாத்திரங்களை அறிந்த, ஆட்டத்தை அறியாத ஒரு தலைமுறை உருவானது. ஆட்டத்தைத் தேடியோர் கணினி எமுலேட்டரில் அதைக் கண்டடைந்தனர். அங்கு ஒரு வேடிக்கையான தடை. அலகசாமும் கெங்கரும், அதாவது முதல் தலைமுறையின் இரு பெரும் மெலிந்த தாக்குநர்களும், மற்றொருவருடன் பரிமாற்றம் செய்தால் மட்டுமே தம் இறுதி வடிவத்தை அடைவன. இணைப்புக் கம்பியும் எதிரே அமர ஒரு தோழனும் இல்லாமல் தனியே ஆடியவருக்குக் கடாப்ராவும் ஹாண்டருமே எல்லை. பின்னர் இணைய உலாவியிலேயே போரிட உதவும் போக்கிமான் ஷோடவுன் வந்தது. அங்கு உயிரியை வளர்க்க வேண்டியதில்லை. எண்களைத் தட்டச்சு செய்தால் போதும். ஜப்பானியச் சிறுவன் உயிரியை முதலில் அறிந்து எண்களைப் பின்னர் அறிந்தான். இங்குப் பலர் எண்களின் வழியாகவே உயிரிக்கு வந்தனர்.

பெருந்திரளான வரவு 2016இல். போக்கிமான் கோ அவ்வாண்டு ஜூலையில் பிற நாடுகளில் வெளியாகி, டிசம்பர் 14இல் ரிலையன்ஸ் ஜியோவுடன் இணைந்து இந்தியாவுக்கு வந்தது. ஜியோ தொடங்கி மூன்று மாதங்களே ஆன, தரவு கட்டணமின்றிக் கிடைத்த காலம். ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் ஆட்டத்தின் நிறுத்தங்களாகவும் களங்களாகவும் அறிவிக்கப்பட்டன. ஜியோவின் கன்சோலி வளாகத்திலிருந்து நெருளுக்கு ஒரே ரயில் தடத்தில் சில நிலையங்களே. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் நவி மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, நடந்து ஆடவேண்டிய இவ்விளையாட்டு ஓரளவு வசதியாகவே அமைந்தது. சிட்கோ திட்டமிட்ட நெருளில் வண்டர்ஸ் பார்க் உண்டு, ஏரியோர நடைபாதை உண்டு; நிறுத்தங்களாக அமையத்தக்க அடையாளச் சின்னங்களும் உண்டு. தாராவியின் சந்துகளில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பது வேறு கதை.

கைப்பேசி வடிவத்தில் மிட்டாய் சேர்த்தாலே அலகசாம் கிடைத்தது. பரிமாற்றத்துக்குத் தோழன் தேவைப்படவில்லை. ஆனால் மற்றொன்று காணாமற்போயிருந்தது: வேகம். இதில் வேகம் என்ற எண்ணே இல்லை. தாக்கு, தற்காப்பு, உயிராற்றல் மூன்று மட்டும். 2018 டிசம்பரில் ஆட்டக்காரர் இருவர் மோதும் வசதி வந்தபோது, போட்டிக்கு வரம்பாக வைக்கப்பட்டது உயிரியின் மொத்த மதிப்பெண். அதைக் கணக்கிடும் சூத்திரம் தாக்கை முழுமையாகப் பெருக்குகிறது. தற்காப்பையும் உயிராற்றலையும் வர்க்கமூலமாக மட்டுமே சேர்க்கிறது. 1500 என்ற வரம்புக்குள் நிற்க வேண்டுமெனில் இதன் பொருள் கடுமையானது. தாக்கு இருமடங்கானால், தாங்கும் திறன் (தற்காப்பும் உயிராற்றலும் பெருக்கிய தொகை) நான்கில் ஒன்றாகக் குறைந்தாக வேண்டும். அலகசாமின் அடிப்படை எண்கள் இங்கு 271, 167, 146. அசுமரில் என்ற நீல முயலின் எண்கள் 112, 152, 225. இரண்டையும் 1500க்குள் அடக்கிக் கணக்கிட்டால், அலகசாமின் தாக்கு சுமார் 1.7 மடங்கு, அசுமரிலின் தாங்கும் திறனோ அலகசாமினுடையதைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கு. வேகமும் இல்லை. முந்தி அடிக்கும் உரிமை, இருவரும் ஒரே கணத்தில் பெருநகர்வைத் தொடுக்கும்போது மட்டும் தாக்கு மிகுந்தவருக்குக் கிடைக்கிறது. அவ்வுரிமைக்காக வர்க்க விகிதத்தில் விலை கொடுப்பது வீண் செலவு.

ஆகவே இந்த வரம்புகளுக்குள் ஆடுவோர் ஒரு புதிய பாடத்தைக் கற்றனர். பிறவி எண்கள் மூன்றும் 15ஆக அமைந்த உயிரியைப் புதியவர் கொண்டாடுவர்; தேர்ந்தோர் பெரும்பாலும் தாக்கு 0, மற்ற இரண்டும் 15 என அமைந்ததைத் தேடுவர். கேம் பாய் வழிவந்த ஆட்டக்காரருக்கு இது தலைகீழான அறிவு. போக்கிமான் போட்டியின் நுட்பம் என்பது வேகத்தையும் தாக்கையும் உச்சப்படுத்துவதே என எழுதும் நூல்கள், கைப்பேசியில் கற்றவரை நுட்பமறியாதவர் எனத் தள்ளிவிடுகின்றன. அவர் கற்றதும் நுட்பமே. வேறு சூத்திரத்தின் கீழ் கற்றது.

கைப்பேசி வடிவிலும் மெலிந்த தாக்குநர் முற்றிலும் ஒழியவில்லை. 2017 முதல் பலர் கூடி ஒரு பேருயிரியை வீழ்த்தும் ரெய்டுகளில் எதிரி கடிகாரமே. குறித்த நொடிகளுக்குள் எவ்வளவு அடித்தோம் என்பதே கேள்வி. ஒன்று வீழ்ந்தால் அடுத்ததை இறக்கிக்கொள்ளலாம். அங்கு தாக்கு 414, தற்காப்பு 46 என்ற எண்களுடன் டியாக்ஸிஸுக்கும் ஓர் இடம் உண்டு. வரம்புள்ள போட்டிகளுக்குள் அது திரும்பி வந்த வழி இன்னும் சுவையானது. 2019இல் அறிமுகமான நிழல் வடிவங்களுக்குப் பின்னர் ஒரு தனி விதி சேர்க்கப்பட்டது: நிழல் உயிரி 1.2 மடங்கு வலிமையுடன் அடிக்கும், வாங்கும் அடியும் 1.2 மடங்காகும். ஆனால் மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது இந்த மாற்றம் சேர்க்கப்படுவதில்லை. சூத்திரத்தின் வழியே தாக்கை 1.2 மடங்காக்கியிருந்தால் தாங்கும் திறனில் 31 விழுக்காடு போயிருக்கும். நிழல் வழியே போவது 17 விழுக்காடே. ஒவ்வொரு போட்டியாளருக்கும் இரண்டு தடுப்புக் கேடயங்கள் உண்டு என்பதால், அந்த இழப்பையும் அவற்றின் பின்னால் மறைத்துக்கொள்ள முடிகிறது. தற்போது இந்தப் போட்டிகளில் நிழல் உயிரிகள் கணிசமாகத் தென்படுகின்றன. அவற்றை எதிர்கொள்வோர் முதலில் கவனிப்பது, எதிரியிடம் இன்னும் எத்தனை கேடயங்கள் எஞ்சியுள்ளன என்பதையே.